மேற்கே பெரிய புகை, தெற்கே சின்னப் புகை

தீயணைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், நிலையத்தின் பின்பக்கம் நிற்கும் உயரமான கட்டடத்தைக் காட்டி, "இந்தப் பழைய தண்ணித் தொட்டிய ஏனுங்க இன்னும் இடிக்காம வெச்சிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓய்வு பெற்றவனுக்குக் கோபம் வந்தால் யாருக்கு என்ன? கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான், நாம் சொல்லாமல் விட்டால் அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

அது தண்ணீர்த் தொட்டி இல்லை. தீ பார்க்கும் கோபுரம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அடியில் கருங்கல், அதற்கு மேல் செங்கல், உச்சியில் இரும்புக் கம்பி சுற்றிய ஒரு மேடை, வெயிலுக்குத் தகரக் கூரை. ஐம்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோயம்புத்தூரில் போன் வைத்திருந்தவர்கள் மில் முதலாளிகள், வக்கீல்கள், டாக்டர்கள், பெரிய கடைக்காரர்கள், அவ்வளவுதான். மற்றவர் வீடு பற்றினால் யாராவது சைக்கிளை மிதித்துக்கொண்டு நிலையத்துக்கு வர வேண்டும். அவர் வந்து மூச்சு வாங்கிச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே கூரை சாம்பலாகியிருக்கும். போன் இல்லாதவர்களுக்காகத்தான் அந்தக் கோபுரம். முறை வைத்து, எந்நேரமும் ஓர் ஆள் மேலே நிற்போம்.

மேடையின் நடுவில் திசைகள் செதுக்கிய ஒரு வட்டப் பலகை இருக்கும். அதில் ஒரு முள். புகையைக் கண்டால் முள்ளை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, கைப்பிடி சுற்றும் போனில் கீழே திசையைச் சொல்ல வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? கோயம்புத்தூரில் புகைக்கா பஞ்சம்? மில் புகைபோக்கிகள், இரும்பு வார்க்கும் பட்டறைகள், நொய்யல் ஆற்றோரத்துச் செங்கல் சூளைகள், சாய அடுப்புகள். முதல் வாரம் மேலே நின்றபோது ஊரே எரிகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அப்போது மின்சாரத் தட்டுப்பாடு. ஒவ்வொரு மில்லுக்கும் ஒவ்வொரு கிழமையில் விடுமுறை விடுவார்கள். எந்தப் புகைபோக்கி எந்தக் கிழமை ஓய்ந்திருக்கும் என்பது எனக்கு மனப்பாடமான பிறகுதான் தனியாக மேலே நிற்க விட்டார்கள்.

விட்டவர் எங்கள் நிலைய அதிகாரி. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பெருந்துறைப் பக்கத்துக்காரர். பேச்சில் அந்த ஊர்ப் பணிவு இருக்கும், வேலையில் ஈவிரக்கம் இருக்காது. கோபுரத்து ஆளுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். அதை என்னிடம் முதல் நாளே சொன்னார்.

"தெசையச் சொல்லு. பொகையோட நெறத்தச் சொல்லு. காத்து எந்தப் பக்கம்னு சொல்லு. பேரு மட்டும் சொல்லாதே. கண்ணுல பட்டது போதும்ப்பா."

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்றால், எனக்கு முன்னால் மேலே நின்ற ஒருவரிடமிருந்து. அவர் ஒருநாள் புகையைக் கண்டதும் ஒரு மில்லின் பெயரைச் சொல்லிவிட்டார். உயரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே கோட்டில் இருக்கிற இரண்டு இடங்கள் ஒட்டிக்கொண்டுதான் தெரியும். எரிந்தது மில் இல்லை. அதற்கும் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தீவனக் கிடங்கு. மில் என்று காதில் விழுந்ததும் வண்டி பறந்தது. மில் வாசலில் காவல்காரர் "இங்க ஒண்ணும் எரியலீங்களே" என்கிறார், நம் ஆட்கள் "திறங்க" என்கிறார்கள். அந்த வாக்குவாதம் முடிந்து சுற்றிக்கொண்டு போவதற்குள் கிடங்கில் அணைக்க எதுவும் மிச்சமில்லை. பெயரைக் கேட்டால் மனிதன் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவான் என்பது அதிகாரியின் கட்சி. நானும் அதை ஒப்புக்கொண்டவன்தான்.

இனி அந்தப் பங்குனி மாதத்து நாளுக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அது தலை நிமிர்த்தப் பழகிக்கொண்டிருந்த சமயம். ஊருக்கு மேற்கே ஒரு வளவில் குடியிருந்தோம். வளவு என்றால், ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கூரை வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு வேப்பமரம். அந்த வேப்பமரத்தைக் கோபுரத்திலிருந்து நன்றாகப் பார்க்கலாம். வேலை நேரத்தில் ஊரைச் சுற்றி வரும் என் கண் அந்த மரத்தின் மேல் மட்டும் ஒரு கணம் கூடுதலாக நிற்கும். புதிதாகக் கல்யாணமானவன், வேறு என்ன செய்வான்?

என் மனைவி குழந்தை உண்டாகும்வரை தெற்கே ஒரு ஜின்னிங் பேக்டரியில் வேலை செய்தவள். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கிற இடம். வேலையெல்லாம் பெண்கள்தான். சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் பேக்டரிக் கதையாகச் சொல்வாள். மேஸ்திரிக்கு மூக்கில் பஞ்சு ஏறி ஓயாமல் தும்முவதை நடித்துக் காட்டுவாள். சேலை மடிப்பில் பஞ்சைக் கடத்திவிடுவார்கள் என்று பின்வாசலை எப்போதும் பூட்டியே வைப்பார்கள், முன்வாசலில் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள் என்றும் ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அவமானமாக இருந்தது. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அன்றைக்குக் காலையிலேயே ஒரு வண்டி சூலூர்ப் பக்கம் வைக்கோல் போர் எரிவதை அணைக்கப் போய்விட்டது. நிலையத்தில் மிச்சம் ஒரே வண்டி. சோற்று நேரம் நெருங்கியிருந்தது. காற்றே இல்லை. இரும்புக் கம்பியில் கை வைக்க முடியாத சூடு. கிழக்கே பார்த்து முடித்துத் தெற்கே திரும்பியபோது ஜின்னிங் பேக்டரியின் நீளமான ஓட்டுக் கூரை ஏதோ மங்கலாகத் தெரிந்தது. கண் கூசுகிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கூரை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஓடுகளின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கசிந்துகொண்டிருந்தது. எழும்பவில்லை. கூரையோடு ஒட்டிப் படர்ந்தது.

முள்ளைத் திருப்பக் கையை வைத்தேன். ஓரக்கண்ணில் மேற்கே ஏதோ தட்டியது. திரும்பிப் பார்த்தால், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு புகை விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அடியில் நெருப்பே தெரிந்தது. எங்கள் வளவு.

என் கால் படிக்கட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தது உண்மை. அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல் கோபுரத்தை விட்டு இறங்கக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? ஆனால் காலுக்குச் சட்டம் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை பொசுங்கியது. அந்தச் சூட்டில்தான் எனக்குப் புத்தி திரும்பியது. போன் கைப்பிடியைச் சுற்றினேன். அதிகாரியே எடுத்தார்.

இரண்டு இடம் என்று சொல்லி, இரண்டு திசையையும், காற்றே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் வழக்கம்போல் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"மேக்கால எப்படி இருக்குது?"

"பெருசுங்க சார். கூரை பத்தி மேல எழும்புது. மஞ்சப் பொகைங்க."

"தெக்கால?"

"சின்னதுங்க. எழும்பலீங்க, ஓட்டு இடுக்குல கசியுதுங்க. சாம்ப நெறம்."

"செரி. அப்ப மேக்கால போறோம்."

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் பொய் சொல்லவில்லை. சட்டப்படி கண்ணில் பட்டதை மட்டும் சொன்னேன். திசை, நிறம், காற்று எல்லாம் சரி. அந்தச் சட்டம் வண்டியை என் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், யாரும் என்னை ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கீழே வண்டியின் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. என் மனைவி, என் குழந்தை. அந்த நேரத்தில் தூங்கவைத்திருப்பாள்.

ஆனால் எனக்கு மற்றொன்றும் தெரியும். கூரை வீடு படபடவென்று எரியும், பெரிதாகத் தெரியும். ஆனால் சுற்றிலும் வெட்டவெளி. ஜனங்கள் முற்றத்துக்கு ஓடிவந்துவிடலாம், அக்கம்பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போட்டுத் தீயை நிறுத்தலாம். கசிகிற புகை அப்படியில்லை. ஓட்டின் இடுக்கு முழுக்கப் புகை வருகிறது என்றால் உள்ளே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அங்கே ஒரு வாசல்தான் திறந்திருக்கும். அது எந்த வாசல் என்றும் எனக்குத் தெரியும்.

"சார், போன வெச்சுராதீங்க" என்றேன். "தெக்கால இருக்கறது ஜின்னிங் பேக்டரிங்க. பின்வாசலப் பூட்டியே வெச்சிருப்பாங்க. உள்ள பூராப் பொம்பளைங்க."

"பூட்டு உன்ற கண்ணுக்குத் தெரியுதா?"

"இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி அங்க வேலை செஞ்சவ. அவ சொன்னதுங்க."



"மேக்கால என்ன அது?"

"வளவுங்க சார். கூரை ஊடுக."

யாருடைய வளவு என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார். வண்டி வெளிவாசலைத் தாண்டித் தெற்கே திரும்புவதை மேலே நின்று பார்த்தேன். திரும்புகிற வண்டியைக் கூப்பிட எனக்கு வாயில்லை. உங்களுக்கு இருக்கிற மாதிரி அப்போது வண்டியில் வயர்லெஸ் கிடையாது. போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் வளவுக்கு வேறு வழி தேடினேன். வளவுக்குப் பக்கத்து மில்லில் சொந்தமாக ஒரு தண்ணீர்ப் பம்பு உண்டு, தள்ளிக்கொண்டு போகலாம். கீழே போன் பார்க்கிற ஆளிடம் அங்கே பேசச் சொல்ல வாயெடுத்தேன். புகைபோக்கியைப் பார்த்தேன். புகையில்லை. அன்றைக்கு அந்த மில்லுக்கு வார விடுமுறை. எனக்கு மனப்பாடமான கிழமைதான். இருந்தாலும் பேசச் சொன்னேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்று பதில் வந்தது.

இனி நிற்பதைத் தவிர வேலை இல்லை. இரண்டு வண்டியும் வெளியே இருக்கும்போது மூன்றாவதாக ஓர் இடம் பற்றினால் அதைப் பார்க்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை. அதனால் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கிழக்கே பார்ப்பேன், வடக்கே பார்ப்பேன், மேற்கே வரும்போது வேப்பமரம் புகையில் மறைந்திருக்கும். மறுபடி கிழக்கே. முற்றத்தில் எறும்பு மாதிரி ஆட்கள் ஓடுவது தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. ஒரு கூரை சரிந்தது. அது எங்கள் வீடா, அடுத்த வீடா என்று புகையில் புரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. அழுதேன். அழுதுகொண்டே வடக்கே பார்த்தேன்.

தெற்கே என்ன நடந்தது என்பதை நம் ஆட்கள் பின்னால் சொன்னார்கள். அதிகாரி முன்வாசலில் வண்டியை நிறுத்தவே இல்லை. அங்கே ஒரு பஞ்சுக் குவியல் எரிந்து வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. நேராகப் பின்பக்கம் விட்டு, கோடாரியால் பூட்டை உடைத்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னாலேயே பெண்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்களாம். இழுத்து இழுத்து வெளியே போட்டிருக்கிறார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். சிலர் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார்கள். கடைசிப் பெண்ணை வெளியே கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில் கூரை உள்ளே விழுந்தது. மேற்கே போய்விட்டுத் தெற்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாற்று ஆள் வந்து நான் இறங்கியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சைக்கிளை எப்படி மிதித்தேன் என்பது நினைவில்லை. வளவில் வீடுகள் இல்லை, சுவர்கள்தான் நின்றன. கிணற்றடியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவளுடைய இடது கையில் வாழையிலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தீ பிடித்தபோது அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே ஓடித் தொட்டில் சேலையை அவிழ்த்துக் குழந்தையை எடுக்கும்போது எரிகிற ஓலை கையில் விழுந்திருக்கிறது. குழந்தையை விடவில்லை.

"வண்டி வரவே இல்லீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னாள்.

வண்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கை ஆறியது. ஆனால் இரண்டு விரல்கள் அதன் பிறகு முழுசாக மடங்கவில்லை. மாவு பிசையும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதிகாரிக்கு விஷயம் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான்.

"மேக்கால எரிஞ்சது உன்ற வளவுன்னு ஏம்ப்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க எந்தப் பக்கம் போயிருப்பீங்க சார்?"

எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிற மனிதர். "தெரியலப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்கானது.

சட்டத்தை அவர் எடுக்கவில்லை. ஒன்றைச் சேர்த்தார். கோபுரத்தில் நிற்கிற ஒவ்வொருவனும் மற்ற நாட்களில் ஊருக்குள் நடந்து, எந்தப் பேக்டரியில் எந்தக் கதவு பூட்டியிருக்கும், எந்தச் சந்தில் வண்டி நுழையாது என்று தெரிந்துகொண்டுதான் மேலே ஏற வேண்டும் என்றார். உங்களை மாதம் ஒருமுறை கட்டடம் கட்டடமாகப் பார்த்து வரச் சொல்கிறார்களே, வெயிலில் அலையவிடுகிறார்கள் என்று முணுமுணுக்கிறீர்களே, எங்கள் நிலையத்தில் அது தொடங்கியது இப்படித்தான். அதனால் நீங்கள் முணுமுணுப்பதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

அறுபதுகளின் கடைசியில் கோபுரத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. போன் பெருகிவிட்டது. உயரமான கட்டடங்கள் எழும்பிப் பாதித் திசையை மறைத்துவிட்டன. கடைசி நாளன்று வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிவந்து மேலே காட்டலாம் என்று புதிய அதிகாரி அனுமதி கொடுத்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நானும் மனைவியும் மட்டும் ஏறினோம். படிக்கட்டில் நடுவில் இரண்டு முறை நின்று, "இத்தன நாளா இதுலயா ஏறி எறங்குனீங்க?" என்று கேலி செய்துகொண்டே வந்தாள்.

மேடைக்கு வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஊரைப் பார்த்தாள். மருதமலையைக் காட்டினேன். வாலாங்குளத்தைக் காட்டினேன். அவள் தானாகவே மேற்கே திரும்பினாள். வேப்பமரம் அப்படியே நின்றது. கிணற்றடியில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். துணியை ஓங்குவதுகூடத் தெரிந்தது.

அவள் முகம் மாறியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அவள், கோபுரத்திலிருந்து எங்கள் வளவு தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அன்னிக்கு நீங்கதான மேல இருந்தீங்க?"

"ஆமா."

"இத்தன தெளிவாத் தெரியுதுங்களே."

மறைக்க இனி என்ன இருக்கிறது? சொன்னேன். இரண்டு புகை, ஒரே வண்டி, அதிகாரி மேற்கே என்றது, நான் போனை வைக்க வேண்டாம் என்றது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மடங்காத இரண்டு விரல்கள் மட்டும் கம்பியைத் தொடாமல் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"அங்க அனுப்பறதுக்கு என்னன்னு சொன்னீங்க?"

"பின்வாசலப் பூட்டி வெச்சிருப்பாங்கன்னு சொன்னேன்."

அவள் தெற்கே திரும்பினாள். பேக்டரிக்குப் புதுக் கூரை போட்டு வெகுநாளாகிவிட்டது. சோற்று நேரம். பெண்கள் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இப்போது பின்வாசல் திறந்தே இருந்தது. அதன் வழியாகவும் இரண்டு பேர் வந்தார்கள்.

"அது நாஞ் சொன்னதுங்களே" என்றாள்.

"ஆமா."

"அப்ப அந்த வண்டிய அங்க அனுப்புனது நானுந்தானுங்க."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விரல் மடங்காத அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள்.